முன்வாசல் வழியாக வந்த லோரி

ஆகஸ்டு 28, திங்கள்

வாங்க, வாங்க. யாராக இருந்தாலும் வாங்க. சௌக்கியமா? வீட்டில் எல்லாரும் நலமா? சாப்பிட்டீர்களா? வெயிலில் நடந்து வந்திருந்தால் முதலில் வாசலுக்கு இடப்பக்கம் இருக்கிற குழாயில் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்காருங்கள். கதை எங்கேயும் ஓடிவிடாது.

நான் பச்சையப்பன். வயது அறுபது. பெக்கான் செராயாவுக்குப் பக்கத்தில், பழைய ஆத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவன். லோரி ஓட்டியும் லோரிக்குப் பழுது பார்த்தும் காலம் தள்ளியவன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் முதல் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தபோது ஜப்பான்காரன் வந்தான். பள்ளிக்கூடத்தை மூடினார்கள், என் படிப்பும் மூடிக்கொண்டது. இதில் பிழை இருந்தால் அவனைத் திட்டுங்கள்.

எழுதச் சொன்னவர் வக்கீல் சாரதாமணி. இங்கே வேலை செய்கிற எல்லாருக்கும் ஆளுக்கொரு நாட்குறிப்பு வாங்கிக் கொடுத்திருக்கிறார். “மனசுல படுறத எழுதுங்க ஐயா. திறப்பு விழாவுக்கு அப்புறம் மேசையில வைப்போம். வர்றவங்க படிக்கட்டும்” என்றார். எனக்குப் பேசத்தான் வரும், எழுத வராது என்றேன். “பேசுற மாதிரியே எழுதுங்க” என்றார். ஆகவே பேசுகிறேன். வழியில் எங்காவது கிளைப்பாதையில் திரும்பிவிட்டால் கோபித்துக்கொள்ளக் கூடாது.

இந்த வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஈயச் சுரங்கம் வைத்திருந்த ஒரு சீனத் தவுக்கே, அதாவது முதலாளி, கட்டிய பங்களா இது. ஆற்றைப் பார்த்த மாடி, வெள்ளைச் சுவர், பச்சைச் சன்னல்கள். சண்டைக் காலத்தில் ஜப்பான் ராணுவப் போலீசு இதைத் தலைமையகமாக எடுத்துக்கொண்டது. அந்த நாட்களில் இந்த வட்டாரத்தில் யாரும் தாமாக இந்த வீட்டின் நிழலைக்கூட மிதிக்கவில்லை. சண்டை முடிந்ததும் பையன்கள் விடுதியாக இருந்தது, அப்புறம் வௌவால்கள் குடியிருந்தன. இப்போது சண்டை முடிந்து ஐம்பது வருஷம். வக்கீலம்மாவும் அவருடைய குழுவும் இதை வாங்கி, அமைதிக்கும் மனித உரிமைக்கும் ஒரு மையமாக மாற்றுகிறார்கள். டிசம்பர் பத்தாம் தேதி திறப்பு விழா.

எனக்குக் கொடுத்திருக்கும் வேலை ஒரு லோரி. அந்தக் காலத்து லோரி. எங்கள் தோட்டத்துப் புகைக்கூடத்துக்குப் பின்னால் கொடி மூடிக் கிடந்தது. ரப்பர் பால் ஏற்றிக்கொண்டிருந்ததை ராணுவப் போலீசு பிடுங்கிக்கொண்டு போய், ஆட்களைப் பிடித்து ஏற்ற வைத்துக்கொண்டது. அதை ஓடவைத்து முற்றத்தில் நிறுத்த வேண்டும். எடுக்கப் போனால் ஓட்டுநர் சீட்டில் யாருடைய கோழியோ அடைகாத்துக்கொண்டிருக்கிறது. இழுக்கும் வண்டியோடு நாங்கள் நிற்கிறோம், கோழி எங்களை முறைக்கிறது. வக்கீலம்மா எட்டிப் பார்த்தார். “குஞ்சு பொரிக்கட்டும், அப்புறம் எடுக்கலாம்” என்று தன் காரில், எங்கள் பேச்சில் காடியில், ஏறிப் போய்விட்டார். கோர்ட்டில் பெரிய பெரிய ஆட்களை நடுங்க வைக்கிற மனுஷி என்று கேள்வி. ஒரு கோழிக்கு வாய்தா கொடுத்துவிட்டுப் போகிறார். இப்படிப்பட்டவரிடம் சம்பளம் இல்லாமல்கூட வேலை செய்யலாம் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

செப்டம்பர் 4, திங்கள்

ஆ கியோங்கைப் பற்றிச் சொல்லவில்லையே. எனக்குத் துணைக்கு இருக்கிற சீன மெக்கானிக். அவன் அப்பா எங்கள் தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்ததால் தமிழ்தான் அவனுக்கு முதலில் வந்தது. கோபம் வந்தால் மட்டும் சீனத்தில் திட்டுவான். அவனுடைய சித்தப்பா ஒருவர் இந்த வீட்டுக்குள் போனவர், திரும்பவில்லை. அதனால்தான் கூலி பேசாமல் வந்தான்.

கோழி குஞ்சுகளோடு இறங்கிப் போனதும், லோரியை இழுக்காமல் தோட்டத்திலேயே வைத்து இன்று துரு சுரண்டினோம். பின்பலகைக்குக் கீழே ஓர் இரும்புப் படி வெளிப்பட்டது. லோரி செய்தவன் வைத்ததில்லை. யாரோ இரும்பைப் பழுக்கக் காய்ச்சி, வளைத்து, தறையாணி அடித்து வைத்தது. இடப்பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கும்.

“அண்ணே, வக்கீலம்மா குடுத்த பழைய போட்டோல இந்தப் படி இல்ல லா. வெட்டிப் போட்றவா?” என்றான் ஆ கியோங்.

“இருக்கட்டும்டா. பால்மரம் வெட்டுற பொம்பளைங்க ஏறுறதுக்கு வச்சிருப்பாங்க. சேலையோட எவ்வளவு ஒயரம் ஏறுவாங்க.”

“கோணலா வச்சிருக்கான் பாரு.”

“இடக்கைக்காரன் அடிச்சா அப்படித்தான் சாயும்.”

“ஒனக்கு எப்புடித் தெரியும்?”

சும்மா ஒரு ஊகம்தான் என்றேன். மத்தியானம் என் சம்சாரம் தெய்வானை நெத்திலிச் சம்பல் கொடுத்து அனுப்பியிருந்தாள். நன்றாக இருந்தது.

செப்டம்பர் 9, சனி

மழை. தார்ப்பாய் ஒழுகுகிறது.

செப்டம்பர் 17, ஞாயிறு

வக்கீலம்மா இன்று எங்களை உள்ளே அழைத்துக் காட்டினார். கீழே சின்னச் சின்ன அறைகள். அங்கே குரூரமான படம் எதையும் மாட்டப் போவதில்லையாம். உள்ளே போனவர்களின் பெயர்களைச் சுவரில் எழுதப் போகிறார்கள், ஓர் அறைக்கு ஒரு நாற்காலி போடுவார்கள், வருகிறவர்கள் உட்கார்ந்து வாசிக்கலாம். மேல் மாடியில் பட்டறைத் தொழிலாளி, வீட்டு வேலைக்காரி என்று யார் வந்து முறையிட்டாலும் வக்கீல்கள் இலவசமாகக் கேட்பார்கள். “ஆளுங்க இந்த வீட்டுக்குள்ள பயந்து போனது போதும் ஐயா. இனிமே தைரியம் வேணும்னு வரட்டும்” என்றார். கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தால் வீடு மாறிவிடும் என்று நினைக்கிறவர்கள்தான் அதிகம். இவர் வேறு ஆள்.

பெயர்ப் பட்டியலில் ஒரு பெயர் மட்டும் நிற்கிறது. காளியப்பன். அவருடைய சம்சாரம் தைலம்மா உயிரோடு இருக்கிறார், ஆற்றுக்கு அந்தப் பக்கம். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. பிடித்துக்கொண்டு போன புருஷனுக்குத் தினமும் தூக்குச்சட்டியில் சோறு கொண்டுவந்து இந்த முன்வாசலில் நின்றவர். இன்றுவரை தாலியைக் கழற்றவில்லை, காரியம் செய்யவில்லை. “செத்தவங்க செவுத்துல எம்புருஷன் பேர எழுதாதீங்க” என்று வக்கீலம்மாவிடம் சொல்லிவிட்டாராம். வாசலில் நின்ற பெண்களில் மிஞ்சியிருப்பவர் அவர் ஒருவர்தான். அவர் வராமல் மையத்தைத் திறப்பதில்லை என்று வக்கீலம்மா பிடிவாதமாக இருக்கிறார்.

அவரைப் பிடித்த காலத்தில் எனக்கு எட்டு வயது. மரவள்ளிக் கிழங்கைத் தின்று தின்று வயிறு பானையாக இருந்தது. ராணுவப் போலீசு தோட்டத்து லோரியை எடுத்தது என்று சொன்னேன் அல்லவா. லோரியை எடுத்தவன் ஓட்டுகிறவனை மட்டும் விட்டுவைப்பானா? சரி, அது கிடக்கட்டும். என் அப்பா சடையனைப் பற்றி ஒரு தமாஷ். அவர் இடக்கைக்காரர். பந்தியில் உட்கார்ந்தால் பக்கத்து இலைக்காரன் முழங்கையில் இடிப்பார். “கல்யாண வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனா மானம் போவுது” என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. ஆயுத பூசை வந்தால் தோட்டத்து லோரி எல்லாம் குலை வாழையும் சந்தனமுமாக நிற்கும். அப்பா மட்டும் சண்டைக்குப் பிறகு எந்த வருஷமும் தன் லோரிக்குப் பொட்டு வைத்ததில்லை. காலையிலேயே ஆற்றங்கரைக்கு ஓட்டிக்கொண்டு போய்விடுவார். பொழுது சாயும்போதுதான் வருவார். ஏன் என்று கேட்டால், “இந்தக் கழுதைக்குப் பொட்டு ஒரு கேடா” என்பார். விசித்திரமான மனுஷன். மழை வரும்போல் இருக்கிறது, துணி எடுக்க வேண்டும்.

செப்டம்பர் 30, சனி

ஓடிவிட்டது! ஆ கியோங் முன்னால் நின்று கைப்பிடியைச் சுற்றச் சுற்ற, உள்ளே நான் பெட்ரோலைக் கொஞ்சிக் கொஞ்சி விட, முதலில் இருமல், அப்புறம் தும்மல், அப்புறம் ஒரு கறுப்புப் புகை, அப்புறம் பாட்டு. அரை நூற்றாண்டு ஊமையாகக் கிடந்தது பாடுகிறது. ஆ கியோங் என்னைக் கட்டிக்கொண்டான். இரண்டு கிழவன்கள் எண்ணெய்க் கையோடு கட்டிப்பிடித்ததில் சட்டை இரண்டும் போயிற்று.

தோட்டத்திலிருந்து நானே ஓட்டிவந்தேன். முன்வாசலில் விடுதிக்காரர்கள் காலத்தில் கட்டிய தூண் குறுக்கே நிற்கிறது, மனிதன் நுழையலாம், லோரி நுழையாது. ஆகவே ஆற்றோரப் பாதையில் சுற்றி, பின்வாசல் வழியாகக் கொண்டுவந்து முற்றத்தில் நிறுத்தினேன். முன்னே பின்னே போகாத பாதை அது. ஆனாலும் கை தானாகவே வளைத்தது.

அக்டோபர் 2, திங்கள்

ஆயுத பூசை. லோரி பிழைத்து எழுந்த ரெண்டாவது நாளே பூசை வந்தால் சும்மா விடுவேனா? அதிகாலையில் குளித்துவிட்டு வந்தேன். திருப்புளி, சுத்தியல், ஜாக்கி எல்லாவற்றையும் கழுவி வாழை இலையில் அடுக்கினேன். லோரிக்கு மூக்கு நிறையச் சந்தனம், நடுவில் குங்குமம், ரெண்டு கண்ணாடிக்கும் சாமந்தி மாலை, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். ஆ கியோங் பொரியும் கடலையும் அள்ளி அள்ளித் தின்றுகொண்டே, “அண்ணே, பின்னால படிக்கும் ஒரு பொட்டு வையி. அதுவும் வேல செஞ்சிருக்கு லா” என்றான். வைத்தேன்.

வைத்த பிறகு கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா பார்த்தால் என்ன சொல்வார் என்று ஓர் எண்ணம். அவர் செத்தே இருபது வருஷமாகிறது. செத்தவருக்குப் பயந்தால் பிழைப்பு நடக்குமா?

தெய்வானை சர்க்கரைப் பொங்கல் எடுத்துவந்தாள். “என்னக் கட்டுன அன்னைக்குக்கூட இவ்ளோ ஆசையா மால போடல. நீங்க லோரிக்கே வாக்கப்பட்டிருக்கணும்” என்றாள். ஆ கியோங் சிரித்த சிரிப்பில் கடலை புரையேறிவிட்டது.

அக்டோபர் 3, செவ்வாய்

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

வக்கீலம்மா எப்படியோ பேசி, தைலம்மாவை வீட்டைப் பார்க்க மட்டும் என்று அழைத்துவந்தார். முன்கூட்டிச் சொல்லவில்லை. கூடவே குழுவில் இருக்கும் ரெண்டு பேர். நான் அப்போது எஞ்சினைச் சூடாக்கிக்கொண்டிருந்தேன். வண்டியில் ஆள் இறங்குவதைப் பார்த்ததும் அணைத்துவிட்டுக் கீழே குதித்தேன்.

முற்றத்தில் கல்யாண மாப்பிள்ளை மாதிரி மாலையும் சந்தனமுமாக நிற்கிறது லோரி. ஆட்களை அள்ளிக்கொண்டு போன லோரி. நான் ஒரு தடவையாவது யோசித்தேனா? இல்லை. ஆயுத பூசை என்றால் வண்டிக்குப் பொட்டு. இந்த லோரி யாரை எங்கே ஏற்றிப் போனது என்று என் கைக்குத் தெரியாமல் போய்விட்டது.

குழுவில் ஒருவர், “என்னாங்க இது? கொலகாரனுக்கு மால போட்ட மாதிரி!” என்று கத்தினார். தைலம்மா கத்தவில்லை. ஒல்லியான உருவம், நரைத்த கொண்டை, நெற்றியில் காலணா அளவு குங்குமம். லோரியை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினார். பின்பக்கம் வந்தவர் குனிந்து அந்தப் படியைத் தொட்டார். பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்து ஏதோ கேட்டார். எஞ்சின் சத்தத்தில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. எண்ணெய்த் துணியை எடுத்துக் கையைத் துடைத்தேன்.

திரும்பி நடந்தார். காடியில் ஏறும்போது வக்கீலம்மாவிடம், “நான் வரமாட்டேம்மா” என்றது மட்டும் தெளிவாகக் கேட்டது.

மாலையைக் கழற்றினேன். சந்தனம் காய்ந்துவிட்டது, தேய்த்தாலும் மஞ்சள் போகவில்லை.

அக்டோபர் 4, புதன்

வக்கீலம்மா திட்டுவார் என்று தயாராக இருந்தேன். அவர் வந்து, லோரியின் பின்படியிலேயே உட்கார்ந்து, மீந்துபோன பொரியைக் கொறித்தார்.

“நீங்க பூச போட்டது லோரிக்கு இல்ல, ஒங்க வேலைக்கு. எனக்குப் புரியுது ஐயா. அந்த அம்மாவுக்கு யாரு புரிய வைக்கிறது?”

“நான் நின்னுக்கிறேம்மா. வேற ஆள வச்சுக்குங்க.”

“வேற யாரு இத ஓட்டுவா? நானா? எனக்குக் காடிய ரிவர்ஸ் எடுக்கவே வராது” என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “அந்தம்மா நேத்து வழியில ஒண்ணுதான் கேட்டாங்க. அந்த லோரிக்காரர் எந்தத் தோட்டம்னு” என்றார்.

“நீங்க என்னா சொன்னீங்க?”

“எனக்குத் தெரியாததையா சொல்ல முடியும்? ஒங்களுக்கு ஏதாவது தெரிஞ்சா நீங்களே போய்ச் சொல்லுங்க.”

அவ்வளவுதான். குடைந்து கேட்கவில்லை. கோர்ட்டில் எல்லாரையும் குறுக்கு விசாரணை செய்கிறவர் என்னை விட்டுவிட்டுப் போனார். குடைந்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

அக்டோபர் 15, ஞாயிறு

பின்பலகைக்குச் சாயம் அடித்தேன். அப்புறம் அதே பலகைக்கு இன்னொரு தடவை அடித்தேன். ஆ கியோங் இன்னொரு சாய டின்னைத் திறந்து பக்கத்தில் வைத்தான்.

அக்டோபர் 23, திங்கள்

தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளித்து, சாமி கும்பிட்டு, கறியும் தோசையும் சாப்பிட்டான பிறகு தெய்வானை ஒரு டின் நிறைய முறுக்கை என் கையில் வைத்தாள்.

“எங்க கொண்டுபோவணும்?”

“எங்கன்னு ஒங்களுக்குத் தெரியாதாக்கும். மூணு வாரமா தூக்கத்துல புலம்புறீங்க. போயிட்டு வாங்க.”

போனேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம், கம்பிவேலி போட்ட சின்ன வீடு. வாசலில் தைலம்மா வாழைக்குப் பாத்தி கட்டிக்கொண்டிருந்தார், தீபாவளி நாளில்! நான் பேர் சொல்ல வாயெடுத்தேன்.

“சடையன் மவன்தான? அன்னைக்கே கேட்டேன், எஞ்சின் அணைஞ்சுதான் இருந்துச்சு. உள்ள வா தம்பி. நிக்க வச்சுப் பேசுறதுக்கு நீ என்ன போலீசா?”

உட்கார்ந்தேன். கோப்பி கொடுத்தார். முறுக்கை உடைத்துப் பல் இல்லாத பக்கம் ஒதுக்கி மென்று, “ஒம்பொண்டாட்டி உப்பு கம்மியா போடுறா” என்றார்.

“மன்னிச்சிருங்கம்மா. அன்னைக்கு லோரிக்குப் பொட்டு...”

“பொட்டா? பொட்டு என்னா பண்ணுச்சு? அது இரும்பு. சொன்னா போவும், சொன்னா நிக்கும். நீ சந்தனம் வச்சதுக்கா நான் கோவிச்சேன்னு நெனச்ச?” என்று சிரித்தவர், கைத்துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். “எனக்குத் தெரியாம உள்ள வந்து நிக்குதே, அதத்தான் தாங்க முடியல.”

எனக்கு விளங்கவில்லை. அவரே சொன்னார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

“ஒருநா தூக்குச்சட்டியோட வாசல்ல நிக்கிறேன். உள்ளேருந்து லோரி வருது. பின்னால ஆளுங்க. கடைசியா ஏறுனது இவருதான். கை கட்டிருக்கு, அந்தக் கோணப் படில கால வச்சு ஏறுனாரு. லோரி வாசல்ல ஒரு நொடி நின்னுச்சு. ஓடிப் போயி ஓட்டுறவரப் பாத்து, ‘அண்ணே, எங்க கொண்டுபோறீங்க’ன்னேன். பக்கத்துல துப்பாக்கியோட ஜப்பான்காரன். ஒங்கப்பாரு என்னப் பாக்கவே இல்ல. நேராப் பாத்துக்கிட்டே, ‘அழுவாதம்மா, நானே திருப்பிக் கொண்டாந்து விடுறேன்’னாரு. போயிட்டாரு.”

“அம்மா...”

“அந்த லோரி திரும்பி வந்தத நான் பாக்கல தம்பி. அன்னைக்கும் நின்னேன், மறுநாளும் நின்னேன். முன்வாசல்ல போன லோரி முன்வாசல்ல வரணும்ல? பின்னால ஆத்தோரமா ஒரு வழி இருக்குன்னு எனக்கு என்னா தெரியும்? வெறும் லோரியோட எங்க மொகத்துல முழிக்க முடியாம, ஒங்கப்பாரு அந்த வழியா உள்ள போயிருக்காரு. சண்டைக்கு அப்பறம் ரொம்ப வருசம் கழிச்சுத்தான் கேள்விப்பட்டேன். ஆனா வாக்கு வாக்குதான? கொண்டாந்து விடுறேன்னு ஒரு ஆம்பள சொல்லிருக்காரு. அவரு விடல. நான் எப்புடி முடிஞ்சுபோச்சுன்னு சொல்றது?”

கோப்பி ஆறிப்போயிருந்தது. அதை எடுத்து ஒரே மூச்சில் குடித்தேன்.

“ஒங்கப்பார நான் வையல. அந்தப் படிய பொம்பளைங்களுக்குன்னு அடிச்ச மனுசன். கெட்டவனா இருந்தா அழுவாதன்னு எதுக்குச் சொல்லணும்?”

“நான் என்னாம்மா செய்யட்டும்?”

“லோரிய முன்வாசல் வழியா உள்ள கொண்டா. நான் நின்ன எடத்துலயே நிக்கிறேன். காலியா வந்தாலும் வரட்டும். வந்தத என் கண்ணால பாத்துட்டு, மத்தத நான் முடிவு பண்ணிக்கிறேன்.”

டின்னைத் திருப்பிக் கொடுக்கும்போது அதில் நாலு வாழைப்பழம் வைத்துக் கொடுத்தார்.

ஐம்பது வருஷம் ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நின்ற மனுஷி. என்னைப் பெற்றவர் சொன்ன வார்த்தை அது. இதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதிவிட்டேன். வருகிறவர்கள் படிக்கட்டும்.

நவம்பர் 12, ஞாயிறு

முன்வாசல் தூண்தான் தடை. குழுக் கூட்டத்தில் வக்கீலம்மா பேசினார். நான் வெளியே நின்று கேட்டேன். வாசலை இடித்தால் செலவு, விழா நெருங்கிவிட்டது, ஒரு கிழவிக்காக இதெல்லாம் தேவையா என்று ஒருவர் இழுத்தார். வக்கீலம்மா குரலை உயர்த்தவில்லை.

“இந்த வீட்டுல ஒரு காலத்துல ஒரு பொம்பள கேட்ட கேள்விக்கு யாரும் பதில் சொல்லல. அதுக்காகத்தான் இந்த மையத்தையே கட்டுறோம். அவங்களுக்கு வாசல் தெறக்காட்டி, யாருக்குத் தெறக்குறோம்?”

அன்றைக்கே தூணை இடிக்க ஆ கியோங்கிடமே கடப்பாறையைக் கொடுத்தார்கள். ஒவ்வோர் அடிக்கும் சீனத்தில் ஏதோ சொன்னான். என்னடா திட்டுகிறாயா என்றேன். “இல்லண்ணே. சித்தப்பா பேரு” என்றான். நான் கல்லை அள்ளி ஓரமாகப் போட்டேன்.

நவம்பர் 26, ஞாயிறு

கிளட்ச் வழுக்குகிறது. கழற்றிப் பார்த்தால் தகடு தேய்ந்திருக்கிறது. இந்தக் காலத்தில் இதற்கு எங்கே போவது? பழைய இரும்புக் கடை ஒவ்வொன்றாக ஏறி இறங்கினோம். கடைசியில் ஒரு நெல் மில் டிராக்டரில் இருந்து எடுத்து, ஆ கியோங் ராவி ராவிப் பொருத்தினான். விரல் கிழிந்து ரத்தம். “ஒண்ணும் இல்லண்ணே. இது வாசல்ல நின்னுபோனா அந்தம்மா மறுபடி காத்திருக்கணும் லா” என்றான்.

டிசம்பர் 9, சனி

தெய்வானை லோரியைக் கழுவினாள், நான் சொல்லாமலே. மாலை வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். சந்தனக் கறை மட்டும் மூக்கில் மஞ்சளாகத் தெரிகிறது. அது இருக்கட்டும் என்று தேய்ப்பதை விட்டுவிட்டேன்.

“பயமா இருக்கா?” என்றாள்.

“வண்டி ஓடும்.”

“வண்டியக் கேக்கல.”

டிசம்பர் 10, ஞாயிறு

லோரிக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். வேலை முடிந்தது. முற்றத்தில் கூட்டம், பந்திப் பாய் விரிக்கிறார்கள், குழந்தைகள் அறை அறையாக ஓடிப் பெயர்களைச் சத்தமாக வாசிக்கின்றன. அந்தச் சத்தத்தை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். இந்த வீட்டில் இப்படி ஒரு சத்தம்!

காலையில் லோரியை ரோட்டு முனையில் நிறுத்தி இருந்தேன். ஆ கியோங் பக்கத்து சீட்டில், அந்தக் காலத்தில் துப்பாக்கிக்காரன் உட்கார்ந்த இடத்தில், புதுச் சட்டையோடு. வாசலில் தைலம்மா தனியாக நின்றார். கையில் தூக்குச்சட்டி. வக்கீலம்மா எல்லாரையும் பின்னால் தள்ளி நிற்கவைத்திருந்தார், அமைச்சர் அலுவலகத்திலிருந்து வந்தவரைக்கூட.

ஒரே ஒரு கியரில், நடக்கிற வேகத்தில் கொண்டுவந்தேன். வாசலில் ஒரு நொடி நிறுத்தினேன். என்ன சொல்வது என்று ராத்திரி முழுக்க யோசித்து வைத்திருந்தது எல்லாம் போய்விட்டது.

“அம்மா, கொண்டாந்துட்டேன். காலியாத்தாம்மா கொண்டாந்திருக்கேன்.”

அப்பா பார்க்காத முகத்தை நான் பார்த்துச் சொன்னேன்.

அவர் தலையை ஆட்டினார். லோரியின் பக்கவாட்டில் கையை வைத்துக்கொண்டே கூட நடந்து உள்ளே வந்தார். முற்றத்தில் நிறுத்தினேன். பின்பலகையை இறக்கச் சொன்னார். கோணப் படியில் காலை வைத்தார். ஆ கியோங் தாங்கப் போனான், கையைத் தட்டிவிட்டார். ஏறி, வெறும் பலகையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். அழவில்லை, அவர்.

இறங்கி வந்து வக்கீலம்மாவைக் கூப்பிட்டார்.

“பேர எழுதிக்கம்மா. காளியப்பன். ஊரு துறையூருப் பக்கம்.”

வக்கீலம்மா பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார். பக்கத்தில் நின்ற ஒரு பெண் என்ன நினைத்தாளோ, தைலம்மாவின் நெற்றியைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்தாள். தைலம்மா அதைக் கவனித்துவிட்டார்.

“என்னாடி பாக்குற? பேரு செவுத்துக்கு. பொட்டு எனக்கு. இத நான் வச்சேன், இருக்கட்டும்.”

பிறகு என்னிடம் தூக்குச்சட்டியைத் தூக்கிக் காட்டினார். காலையில் எழுந்து சமைத்ததாம். அந்த நாளில் வாசலோடு திரும்பிப் போன சோறு. “நீ சாப்புடு. ஒங்கப்பாருக்கும் அன்னைக்கு யாரும் சோறு போட்டிருக்க மாட்டாங்க” என்று சொல்லிவிட்டு, இலை போடப் போய்விட்டார்.

அதனால்தான் இங்கே வந்து உட்கார்ந்தேன். கண்ணைத் துடைக்க இடம் வேண்டுமே. என் அப்பா ஆயுத பூசை அன்றெல்லாம் ஆற்றங்கரையில் என்ன செய்துகொண்டிருந்தார் என்று எனக்கு இப்போது ஓரளவு தெரிகிறது. இந்த நாட்குறிப்பைப் படிக்கிற உங்களுக்கு அவரைப் பற்றி ஒன்று சொல்லி முடித்துக்கொள்கிறேன். அவர் பெயர் சடையன். இந்த லோரியை ஓட்டியவர் அவர்தான். அவர் கெட்டவரா நல்லவரா என்று என்னைக் கேட்டால்

“தம்பி பச்சையப்பா! எழுதுனது போதும், சோறு ஆறுது பாரு!”

வந்துட்டேம்மா, இந்த ஒரு வரியை மட்டும்